நிலத்துக்குக் காவல் உண்டு, நீருக்கு?

சிக்கிமின் ஜோங்குப் பள்ளத்தாக்கில் லெப்சாக்களின் பழைய வாழ்வும் புதிய அணைகளும்

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வடக்குச் சிக்கிமின் மங்கன் நகருக்குக் கீழே சங்கலாங் என்னுமிடத்தில், தீஸ்தா நதியின் கரையில் மூங்கில் வெட்டும் ஓசை கேட்டது. சில நாட்களுக்கு முன்புவரை மோட்டார் வண்டிகள் கடந்துசென்ற பாலம் நள்ளிரவு வெள்ளத்தில் அடியோடு போயிருந்தது. சேற்றின் நிறமேறிய பிரவாகம் வேரோடு பெயர்ந்த மரங்களைச் சுழற்றிக்கொண்டு பாய, அக்கரைக் கிராமங்களுக்கு அரிசி போகவும் அங்கிருந்து நோயாளிகள் வரவும் வழியற்றுப் போன அந்த வேளையில், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஊர் மக்கள் மலைச்சரிவிலிருந்து மூங்கிலை வெட்டி இழுத்து வந்து, பாறைக்கும் பாறைக்கும் இடையே நீளவாட்டில் கிடத்தி, குறுக்கே பிணைத்து, கைப்பிடிக்குக் கழிகள் கட்டி, ஒருவர் பின் ஒருவராக நடந்து செல்லத்தக்க ஒரு பாலத்தை அமைத்துவிட்டார்கள்.

இரும்பும் சிமென்டும் தோற்ற இடத்தில் மூங்கில் வென்றது என்று வியந்து எழுதுவது எளிது. ஆனால் அந்தப் பாலம் அடுத்த மழைக்காலத்தைத் தாங்காது என்பது, அதைக் கட்டியவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பிரம்பையும் மூங்கிலையும் கொண்டு தொங்குபாலம் கட்டும் லெப்சாக்களின் பழைய கலையே, ஆண்டுதோறும் ஊர் கூடிப் புதுப்பிக்க வேண்டும் என்ற நியதியின்மேல் நிற்பது. ஆறு தன் பங்கை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டால் மறுபடி கட்டவேண்டும், எனவே மறுபடி கட்டக்கூடியதையே கட்டவேண்டும் என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. அதே நதியில், அதே இரவில், சுமார் 14,000 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த நீர்மின் திட்டம் ஒன்றின் அணை சில நிமிஷங்களில் அடித்துச் செல்லப்பட்டது. அதை மறுபடியும், முன்னதைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் கட்டலாமா என்பதே இன்று சிக்கிம் முழுவதும் நடக்கும் விவாதம். அவ்விவாதத்தின் நடுவே, அணைக்கும் பனிமலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் வாழும் ஒரு சிறிய ஆதிகுடி தன் நதியைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது, விவாதிப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாமலே இருக்கிறது.

பனியிலிருந்து பிறந்தவர்கள்

லெப்சாக்கள் தங்களை ரோங் என்று அழைத்துக்கொள்வார்கள். சிக்கிமிலும், மேற்கு வங்காளத்தின் டார்ஜீலிங், காலிம்போங் மலைகளிலும், நேபாளத்தின் இலாம் மாவட்டத்திலும், பூட்டானின் தென்மேற்கு மூலையிலும் பரவியிருக்கும் இவர்களே அந்தப் பிரதேசத்தின் மிகப் பழைய குடிகள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். திபெத்திலிருந்து வந்த பூட்டியாக்களோடு பதின்மூன்றாம் நூற்றாண்டில் கபி லுங்சோக் என்ற இடத்தில் இரத்த சகோதரத்துவ உடன்படிக்கை செய்துகொண்டதாக ஐதிகம். 1642-இல் யுக்சோமில் நாம்கியால் வம்சத்தின் முதல் அரசர் முடிசூட்டப்பட்டார். 1835-இல் டார்ஜீலிங் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் ஆதரவோடு நேபாளக் குடியேற்றம் பெருகியது. 1975-இல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்தது. இத்தனை மாறுதல்களுக்கிடையே தங்கள் சொந்த நாட்டிலேயே லெப்சாக்கள் சிறுபான்மையினராகிவிட்டார்கள்.

தங்கள் உற்பத்தியைப் பற்றி அவர்கள் சொல்லும் கதை மிக எளியது. படைப்புத் தாயான இத்புமு, காஞ்சன்ஜங்காவின் மாசற்ற பனியில் ஒரு பிடி எடுத்து முதல் ஆணை உருவாக்கினாள். மற்றொரு பிடி எடுத்து முதல் பெண்ணை உருவாக்கினாள். ஃபுதோங்திங், நுசோங்ன்யு என்ற அவ்விருவரின் வழிவந்தவர்களே இன்றைய லெப்சாக்கள். 8,586 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்தச் சிகரம், ஆகவே, அவர்களுக்கு வெறும் தெய்வம் மட்டுமன்று, பிறந்த வீடு. 1955-இல் அதன்மீது முதன்முதலாக ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினார்கள் என்பது மலையேற்றச் சரித்திரத்தில் புகழ்பெற்ற மரியாதை.

பெட்டிச் செய்தி: ஜோங்கு
சிக்கிமின் மங்கன் மாவட்டத்தில், காஞ்சன்ஜங்காவின் கிழக்குச் சரிவில் அமைந்த பள்ளத்தாக்கு. கீழ் ஜோங்கு, மேல் ஜோங்கு என இரு பகுதிகள். பாஸிங்டாங், திங்வோங், லிங்தெம், ஹீ கியாதாங் முதலியன முக்கியக் கிராமங்கள். லெப்சாக்களுக்கென ஒதுக்கப்பட்ட பிரதேசம். வெளியார் உள்ளே செல்லவே அனுமதிச் சீட்டு வேண்டும். பூட்டியா, லெப்சா நிலங்களைப் பிறர் வாங்கக் கூடாதென்ற அரசு உத்தரவு 1917-இல் பிறந்தது; ஜோங்குவில் வெளியார் குடியேறுவதைத் தடுக்கும் பிரகடனம் 1958-இல் வந்தது. இணைப்புக்குப் பிறகும் இப்பழைய சட்டங்கள் அரசியல் சட்டத்தின் 371-எஃப் பிரிவின் பாதுகாப்பில் நீடிக்கின்றன. பள்ளத்தாக்கை ஒட்டிய காஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. இயற்கை, பண்பாடு என்ற இரு தகுதிகளாலும் சேர்க்கப்பட்ட முதல் இந்தியத் தலம் அதுவே.

சிகரமும் ஏரியும் வாசலும்

லெப்சாக் குலங்களின் அமைப்பை அறிந்துகொள்ளாமல் அவர்களுடைய நதிக் கவலையைப் புரிந்துகொள்ள இயலாது. ஒவ்வொரு குலத்துக்கும் தனக்கென ஒரு சிகரம் உண்டு. ஓர் ஏரி உண்டு. இறந்தவர்களின் ஆவி மலைக்குள் புகுந்து செல்லும் ஒரு வாசலும் உண்டு. மகன் தந்தையின் குலத்தைச் சேர்வதும் மகள் தாயின் குலத்தைச் சேர்வதும் பழைய முறை. எனவே ஒரே வீட்டில் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் வணங்கவேண்டிய சிகரம் வேறாக இருக்கலாம். இறந்தபின் புகவேண்டிய வாசலும் வேறாக இருக்கலாம். நாம் கிராமக் கணக்கில் பட்டா எண்ணை எழுதி வைப்பதைப் போல, இவர்கள் தங்கள் வம்சாவளியைப் பனிமலைத் தொடரின்மேல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பதிவைக் காத்து வருபவர்கள் இரு வகைப் பூசாரிகள். பொங்திங் என்பவர் ஆண். பயிர், வேட்டை, நோய், பருவம் முதலியவற்றுக்குரிய சடங்குகளைச் செய்பவர். முன் என்பவர் பெரும்பாலும் பெண். ஆவேசம் வரப்பெற்று, இறந்தவரின் ஆவியை அதன் குல வாசல்வரை வழிநடத்திச் செல்லும் பொறுப்புடையவர். பௌத்தம் ஜோங்குவில் பரவி நெடுங்காலம் ஆகிறது. கிறிஸ்தவரான லெப்சாக்களும் பல இடங்களில் இருக்கிறார்கள். ஆயினும் லாமா ஒரு பக்கம் மந்திரம் ஓதிக்கொண்டிருக்க, பொங்திங் மறுபக்கம் கேழ்வரகைப் புளிக்கவைத்துச் செய்த சீ என்ற பானத்தைத் தெய்வத்துக்குப் படைத்துக்கொண்டிருப்பது ஜோங்குவின் வீடுகளில் விநோதமாகக் கருதப்படுவதில்லை. 1937-இல் லிங்தெம் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த ஜெஃப்ரி கோரர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர், ஒன்றுக்கொன்று முரண்பட்ட இவ்விரு சமயங்களும் அருகருகே சச்சரவின்றி நடந்துவருவதை ஆச்சரியத்தோடு பதிவு செய்தார். சமயப் பூசல்களைப் பார்த்துப் பழகிய நமக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

காஞ்சன்ஜங்காவின் அடியில், மனிதர் இப்போது சென்றடைய முடியாத மாயெல் என்ற ஊர் இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். அங்கே ஏழு தம்பதிகள் மரணமின்றி வாழ்கின்றனர்; காலையில் குழந்தைகளாகவும், நண்பகலில் வாலிபர்களாகவும், மாலையில் கிழவர்களாகவும் இருந்து மறுநாள் காலை மீண்டும் குழந்தைகளாகிறார்கள். மனிதர்க்கு முதன்முதலாகத் தானிய விதைகளைக் கொடுத்தவர்கள் அவர்களே. அந்த ஊருக்குச் செல்லும் பாதையை ஒரு பெரும் பாறை மூடிவிட்டது. ஆனாலும் பருவந்தோறும் வந்துபோகும் பறவைகளை மாயெல் மாந்தரே அனுப்புகிறார்கள். எந்தப் பறவை கூவினால் எதை விதைக்கவேண்டும் என்பது லெப்சா விவசாயிக்குப் பஞ்சாங்கம். புதிய விளைச்சலின் முதல் பங்கும் மாயெலுக்கே போகிறது. இதைக் குழந்தைக் கதையென்று தள்ளிவிடலாம். ஆனால் பறவையின் வரவைக் கொண்டு விதைப்பவன் காட்டை அழிக்க ஒருப்படமாட்டான் என்பதையும், ஒவ்வொரு செடிக்கும் பூச்சிக்கும் தனிப்பெயர் வைத்திருக்கும் இவர்களுடைய வன அறிவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாவரவியல் மேதை ஜோசப் ஹூக்கர் வியந்து பாராட்டியிருக்கிறார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

வயிற்றுப் பாட்டுக்கு நெல், கேழ்வரகு, மக்காச்சோளம். காசுக்குப் பெரிய ஏலக்காய். போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வரும் பச்சை ஏலக்காய் வேறு, இது வேறு. பழுப்பு நிறமும் புகை மணமும் கொண்ட இக்காய், ஓடைக்கரைகளில் பூச்ச மர நிழலில் விளைந்து, விறகடுப்பின் மேல் பரப்பி உலர்த்தப்படுகிறது. இந்தியாவின் பெரிய ஏலக்காய் விளைச்சலில் சிக்கிமுக்கே முதலிடம். ஜோங்குவில் மரவீடுகள் தகரக்கூரை பெற்றதும், பிள்ளைகள் காங்டாக்கில் படித்ததும் அந்தக் காயின் தயவால்தான். சிர்க்கே, ஃபுர்க்கே என்ற இரு நச்சுயிரி நோய்கள் தோட்டங்களைத் தாக்கி விளைச்சல் சரிந்தபோது, குடும்பங்களின் ரொக்க வரும்படி குன்றியது. அணைக் கம்பெனிகள் ஈட்டுத் தொகையோடும் வேலை வாக்குறுதியோடும் பள்ளத்தாக்குக்குள் வந்த காலத்தில் எல்லா வீடுகளும் அவர்களை ஒரே மாதிரியாக வரவேற்கவும் இல்லை, ஒரே மாதிரியாக விரட்டவும் இல்லை என்பதற்கு இந்த வரும்படிக் குறைவை ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

ஆவி செல்லும் வழி

ஜோங்குவின் நடுவே ரோங்யோங் என்ற ஆறு இறங்கி வருகிறது. வேறு ஓடைகளையும் சேர்த்துக்கொண்டு சங்கலாங்குக்கு அருகே அது தீஸ்தாவில் கலக்கிறது. உடலை விட்ட ஆவி இந்த ஆற்றின் வழியே எதிர்முகமாக மேலேறிச் சென்று காஞ்சன்ஜங்காவின் குகைகளை அடைகிறது என்பது ஜோங்கு லெப்சாக்களின் நம்பிக்கை. பூசாரியான முன் ஆவியை வழிநடத்துவது இந்த மார்க்கத்தில்தான். ஆகவே ரோங்யோங்கைச் சுரங்கத்துக்குள் திருப்பி, படுகையை மைல் கணக்கில் வற்றவிட்டு, கீழே மின்நிலையத்தில் வெளியேற்றுவோம் என்று ஒரு பொறியியல் வரைபடம் சொல்லும்போது, அவர்களுடைய காதில் விழுவது மின்சாரக் கணக்கு அன்று. இறந்தவர்களின் பாதையை அடைக்கப் போகிறார்கள் என்ற செய்தி.

இங்கேதான் சட்டத்தின் விசித்திரம் வெளிப்படுகிறது. ஜோங்குவில் ஒரு முழ நிலத்தை வெளியூர்க்காரர் எவரும் வாங்க முடியாது. ஓர் இரவு தங்கவும் சீட்டு வேண்டும். ஆனால் அதே நிலத்தை அரசு பொது நோக்கத்துக்காகக் கையகப்படுத்தலாம். அதனடியில் சுரங்கம் குடையலாம். அதன் ஆற்றை நீண்டகால ஒப்பந்தத்தில் கம்பெனிக்குக் கொடுக்கலாம். 1998-இல் சிக்கிம் அரசு, வழிபாட்டுத் தலங்கள் சட்டத்தின்கீழ், புனித சிகரங்கள், குகைகள், பாறைகள், ஏரிகள், ஸ்தூபங்கள், வெந்நீர் ஊற்றுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு அறிவிப்பு வெளியிட்டது. பின்னர் புனித சிகரங்களில் ஏறுவதையும் தடை செய்தது. போற்றத்தக்க காரியம். ஆனால் சிகரத்தையும் ஏரியையும் காத்த அந்த வரிசையில், இரண்டையும் இணைக்கும் ஆறு இல்லை. குலத்தின் இரு முனைகளுக்குக் காவல் போட்டுவிட்டு நடுவழியைத் திறந்து விட்டதாயிற்று.

இவ்வழியே நுழைந்த திட்டங்களை எதிர்த்து, 2007-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, தீஸ்தாவால் பாதிக்கப்பட்ட குடிமக்கள் என்ற அமைப்பைச் சேர்ந்த ஜோங்கு இளைஞர்கள் தலைநகர் காங்டாக்கில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அதன் முதற்கட்டம் 63 நாட்கள் நீடித்தது. பிறகு சுழற்சி முறை உண்ணாவிரதமாக மாறி, 2009 செப்டம்பர் வரை, மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. டார்ஜீலிங், காலிம்போங் மலைகளின் லெப்சாக்களும், ஜோங்கு தங்கள் அனைவருக்கும் புனித பூமி என்று கூறி ஆதரவாகப் பாத யாத்திரை புறப்பட்டார்கள். 2008-இல் அரசு ஜோங்குவுக்கான நான்கு திட்டங்களைக் கைவிட்டது. ரோங்யோங் நதியின்மேலான 300 மெகாவாட் பனன் திட்டமும், தீஸ்தாவில் எஞ்சியிருக்கும் தடையற்ற நீரோட்டப் பகுதியில் அமையவிருந்த 520 மெகாவாட் நான்காம் கட்டத் திட்டமும் கைவிடப்படவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல மனமில்லை. லெப்சாக்களைப் பற்றி எழுதிய வெளிநாட்டார் பலரும் அவர்களைச் சாந்த குணமுடையவர்கள், எதிர்த்துப் பேசாதவர்கள், காட்டுக்குள் ஒதுங்கி விடுபவர்கள் என்றே வர்ணித்தார்கள். அவர்கள் மறைந்து போவார்கள் என்றும் ஆரூடம் சொன்னார்கள். 1876-இல் லெப்சா மொழி இலக்கணம் எழுதிய ஜெனரல் மெயின்வாரிங் என்பவர், இம்மொழி எபிரேயத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் முந்தியது என்ற அளவுக்குக் காதல் கொண்டிருந்தவர். அவரும் இந்த இனத்தின் அஸ்தமனத்தைக் குறித்தே துயரப்பட்டார். பின்னர் லெப்சா இனத்தவரான ஃபோனிங், தம் மக்களைப் பற்றிய நூலின் தலைப்பிலேயே அவர்களை மறைந்துவரும் குடி என்று குறித்தார். ஒன்றரை நூற்றாண்டாக மரண அறிவிப்பு எழுதப்பட்டு வரும் அந்தக் குடிதான், சோற்றைத் துறந்து அரசாங்கத்தை நான்கு திட்டங்கள் அளவுக்கு இறங்கிவரச் செய்தது.

பெட்டிச் செய்தி: அக்டோபர் இரவு
காஞ்சன்ஜங்காவுக்கு வடக்கே சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் தெற்கு லோனாக் என்ற பனியேரி. பனிப்பாளம் உருகிப் பின்வாங்க, ஏரி ஆண்டுக்காண்டு பெருகிவந்தது. அது உடையக்கூடும் என்று 2013-இலேயே விஞ்ஞானிகள் எச்சரித்தனர்; 2016-இல் குழாய்கள் வைத்து நீரின் ஒரு பகுதியை வடித்தனர். 2023 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு, கரையின் உறைமண் பெருமளவில் சரிந்து ஏரிக்குள் விழ, பேரலை எழுந்து கரையை உடைத்தது. வெளியேறிய நீர் சுமார் 5 கோடி கன மீட்டர். நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்டத் திட்டத்தின் அணையை அது அடைந்தது. மதகுகளைத் திறக்குமுன் வெள்ளம் வந்துவிட்டது. 60 மீட்டர் உயரமுள்ள அந்தக் கல்லணை நிமிஷங்களில் போயிற்று. அணையில் தேங்கியிருந்த நீரும் சேர்ந்துகொண்டது. இறந்தோரும் காணாமற் போனோருமாக நூறு பேருக்கு மேல்.

வெள்ளத்துக்குப் பின்

தீஸ்தா நதியும் ரங்கீத் நதியும் காதலர் என்பது லெப்சாக்களின் பழங்கதை. மலையிலிருந்து இருவரும் வேறு வேறு வழியாகப் புறப்பட்டனர். தீஸ்தாவுக்கு ஒரு பாம்பும் ரங்கீத்துக்கு ஒரு பறவையும் வழிகாட்டின. பறவை இரை தேடி அங்கும் இங்கும் பறந்ததால் ரங்கீத் வளைந்து வளைந்து தாமதமாக வந்தான். தனக்கு முன்பே அவள் வந்து நிற்பதைக் கண்டு மானம் தாளாமல் மலைக்கே திரும்ப முனைந்தான். நதி பின்வாங்கி நாடு முழுவதும் வெள்ளக்காடாயிற்று. மக்கள் தெண்டோங் மலையின்மேல் ஏறி உயிர் பிழைத்தார்கள். ஒரு கவுதாரி சீ பானத்தை நீரின்மேல் தெளிக்க வெள்ளம் வடிந்தது. இதன் நினைவாக ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் தெண்டோங் லோ ரும் ஃபாத் என்ற விழா சிக்கிமில் அரசு விடுமுறையோடு கொண்டாடப்படுகிறது. நதியின் வழியில் குறுக்கிட்டால் அது திரும்பி வரும் என்ற எண்ணம் இம்மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதன்று.

2023 வெள்ளத்தின் நேரடிச் சேதத்தைப் பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பின் வந்த மெதுவான சேதத்தை எழுதியவர் குறைவு. நதியின் படுகை மணலும் கல்லும் நிறைந்து பல இடங்களில் உயர்ந்துவிட்டதால், முன்பு எட்டாத உயரத்துக்குச் சாதாரண மழை நீரும் எட்டுகிறது. அடிவாரம் அரிக்கப்பட்ட சரிவுகள் ஒவ்வொரு பருவமழையிலும் கீழிறங்குகின்றன. 2024 ஜூன் மாதத்தில் மங்கன் மாவட்டத்தில் பெய்த பெருமழையில், சங்கலாங்கில் புதிதாக அமைத்த பாலமும் இடிந்து விழ, ஜோங்கு மறுபடி துண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், கீழே 510 மெகாவாட் தீஸ்தா ஐந்தாம் கட்டத்தின் மின்நிலையக் கட்டிடத்தின்மேல் மலைச்சரிவே வந்து விழுந்தது. அந்த ஐந்தாம் கட்டச் சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில்தான், ஊற்றுகள் வற்றிவிட்டன என்றும் வீட்டுச் சுவர்கள் விரிசல் கண்டன என்றும் ஜனங்கள் நெடுநாளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். மேல் ஜோங்குவோ, 2016-இல் மந்தாம் என்ற இடத்தில் ஒரு மலையே சரிந்து ஆற்றை மறித்து ஏரியாக்கியதிலிருந்தே, வழி அறுந்த வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டிருந்தது.

வழி அறுவது என்றால் என்ன? ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து பாலம் கடந்து மறுகரையில் வேறு வண்டி ஏற்ற வேண்டும். கூலி ஏறும், விலை இறங்கும். கர்ப்பிணியைத் தூளியில் தூக்கிச் செல்ல வேண்டும். விருந்தினர் வீடுகள் நடத்திச் சுற்றுலாவால் பிழைக்கத் தொடங்கியிருந்த குடும்பங்கள், அணைக்கு மாற்று இதோ என்று காட்டி வந்தவை, வரும் விருந்தினரின்றிக் கடனோடு நின்றன. பிள்ளைகளைப் படிப்பின் பொருட்டு மங்கனுக்கோ காங்டாக்குக்கோ அனுப்பிவிடுவது கூடுகிறது. அனுப்பப்பட்ட பிள்ளை நேபாளியில் விளையாடி, ஆங்கிலத்தில் படித்து, விடுமுறைக்கு வரும்போது பாட்டியின் லெப்சாவுக்கு வேறு மொழியில் பதில் சொல்கிறது.

2001-இல் இந்தியாவில் லெப்சா மொழியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 50,629 பேர். 2011-இல் 47,331 பேர். சொந்த எழுத்தும், சிக்கிம் அரசின் அங்கீகாரமும், பள்ளி முதல் கல்லூரி வரை பாடத்திட்டமும், வானொலியில் நிகழ்ச்சியும் உள்ள மொழிக்கு இந்தத் தேய்வு. காலிம்போங், டார்ஜீலிங் கிராமங்களில் லெப்சா சங்கத்தார் நடத்தும் இரவுப் பள்ளிகளில், பகலில் வேறு மொழியில் படித்த குழந்தைகள் விளக்கொளியில் தங்கள் எழுத்தைக் கற்கிறார்கள். பொங்திங்குகளும் முன்களும் அருகி வருவதுதான் இதைவிடப் பெரிய நஷ்டம். குலவாசலுக்குச் செல்லும் வழி மந்திரப் பாட்டில் இருக்கிறது; எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தத் திருப்பம் என்று வரிசையாகச் சொல்லும் அப்பாட்டு ஏட்டில் அன்று, மனிதர் நினைவில் இருக்கிறது. நிலச்சரிவில் பாறையும் திருப்பமும் இடம் மாறிவிட்டால் பாட்டைத் திருத்துவதற்குக்கூட அதை அறிந்தவர் வேண்டும்.

இரு சாரார்

ஜோங்கு முழுவதும் ஒரே குரலில் பேசுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. உண்ணாவிரதத்தின்போதே, திட்டங்களை ஆதரித்த லெப்சாக்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும், படித்த பிள்ளைக்கு வேலை வேண்டும், பழைய வாழ்க்கையை நாங்கள் நடத்தி நீங்கள் பார்த்து மகிழவேண்டுமா என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. பட்டணத்தில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து மலைவாசிகளின் எளிமையைப் புகழ்பவர்கள் அக்கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதே கேள்வியை வைத்துத் திட்டங்களையும் சோதிக்கலாம். மூன்றாம் கட்டத் திட்டத்தில் சிக்கிம் அரசே பெரும் பங்குதாரராக இருந்தது. 2017-இல் இயங்கத் தொடங்கி ஏழாண்டு நிறைவதற்குள் அந்த அணை போயிற்று. சாலையும் மருத்துவமனையும் வேலையும் தரவந்த அணை, இருந்த பாலங்களையும் கொண்டுபோய்விட்டது. இது இயற்கையின் சீற்றம் மட்டுமே என்று சொல்வது, பத்து வருஷம் முன்பே கொடுக்கப்பட்ட எச்சரிக்கையை மறந்து சொல்வதாகும்.

2025 ஜனவரியில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மதிப்பீட்டுக் குழு, மூன்றாம் கட்ட அணையை 118 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டுவதற்குச் சிபாரிசு செய்தது. ஏரி மீண்டும் உடைந்தால் வரக்கூடிய வெள்ளத்தையும் கணக்கில் கொண்டே புதிய வடிவம் அமைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. பொதுமக்களிடம் புதிதாகக் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்றும் முடிவாயிற்று. நூறு உயிர் போனபின், அதே ஆற்றில், இரு மடங்கு உயரத்தில் எழும் அணையைப் பற்றிக் கரையில் வாழ்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன தடை என்பது விளங்கவில்லை. பொறியாளர்களின் கணக்கு சரியாகவே இருக்கட்டும். கணக்கைச் சபையில் வைத்து விளக்குவதால் அது தவறாகிவிடாது.

சிக்கிமுக்கு இவ்விஷயத்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1997-இல், முதல் அரசர் முடிசூடிய யுக்சோமின் புனிதத்தைக் கருதி, ராதோங் சூ என்ற ஆற்றில் வேலை தொடங்கிவிட்ட 30 மெகாவாட் திட்டத்தை அன்றைய மாநில அரசு நிறுத்தியது. அதனால் மாநிலம் இருளில் மூழ்கிவிடவில்லை. ராதோங் சூவுக்குச் செய்ததை ரோங்யோங்குக்குச் செய்ய அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை; 1917-ஆம் வருஷத்து உத்தரவைத் தொடவேண்டியதும் இல்லை. புனித சிகரங்களையும் ஏரிகளையும் குறித்த 1998-ஆம் ஆண்டு அறிவிப்பில் அந்த நதியின் பெயரை ஒரு வரியில் சேர்த்தால், பனன் திட்டத்தின் வழக்கு அத்தோடு முடியும். அந்த ஒரு வரியை எழுதும் அதிகாரம் காங்டாக்கில் இருக்கிறது.